தபால்காரன் வீட்டு வோட்டு

மே 22, புதன்

தேர்தல் அறிவித்துவிட்டார்கள். ஜூலை 4.

செய்தியைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நாட்டைப் பற்றிய கவலை அல்ல, என் வலது தோளைப் பற்றிய கவலை. முப்பத்தொரு வருடமாக இந்த இங்கிலீஸ்கார ஊரில் வீடு வீடாகத் தபால் போடுகிறேன். மற்றவர்களுக்குத் தேர்தல் என்றால் ஜனநாயகம், எனக்கு நோட்டீஸ். நிற்கிற ஒவ்வொருவரும் வீட்டுக்கு வீடு ஒரு நோட்டீசைத் தபாலில் இலவசமாக அனுப்பலாம் என்று இங்கே சட்டம். போன முறை எங்கள் தொகுதியில் ஏழு பேர் நின்றார்கள். என் சுற்றில் அறுநூற்று நாற்பது வீடுகள். பெருக்கிப் பார்க்க மனம் வரவில்லை.

என் மனைவி நேசமலர் சோபாவில் காலை நீட்டியபடி ரிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சருங்கோ, இந்த முறை நான் வோட்டுப் போடப்போறன்" என்றாள்.

"ஆருக்கு?"

"ஆருக்கெண்டு பிறகு பாப்பம். என்ர இடுப்புக்காகப் போடப்போறன்."

இடது இடுப்பு மூட்டு தேய்ந்து போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று வைத்தியர் சொல்லி இருபத்திரண்டு மாதம் ஆகிறது. வரிசையில் இருக்கிறாளாம். எத்தனையாவது ஆள் என்று கேட்டால் சொல்ல மாட்டார்கள். மாடிப்படி ஏற முடியாமல் ஆறு மாதமாக அந்த சோபாவில்தான் படுக்கிறாள். நானும் கீழேதான் படுக்கிறேன். மேலே ஹீற்றர் சத்தம் போடுகிறது.

மே 23, வியாழன்

எனக்கு வோட்டுப் போடும் பழக்கம் இல்லை. குடி, சிகரெட் போல அதையும் இளவயதிலேயே விட்டுவிட்டேன்.

பிறந்த ஊரில், இருபது வயதில், முதல் வோட்டுப் போடப் போனேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, தலைக்கு எண்ணெய். ஒன்றரை மணித்தியாலம் வெயிலில் வரிசை. உள்ளே இருந்த உத்தியோகத்தர் பட்டியலில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, உம்மட வோட்டுப் போட்டாச்சு" என்றார்.

"ஆர் போட்டது?"

"நீர்தான்."

காலை எட்டு மணிக்கே நான் வந்து வோட்டுத் தாளில் புள்ளடி போட்டுவிட்டுப் போயிருக்கிறேன். நான் எவ்வளவு சுறுசுறுப்பான ஆள் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. வெளியே வந்து ஒரு சோடா குடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அதற்குப் பிறகு எந்த நாட்டிலும் யாருக்கும் போட்டதில்லை.

மே 26, ஞாயிறு

இன்று நேசம் கேட்ட கேள்வி: "எல்லாருக்கும் வோட்டுக் கார்ட் வருகுதாம். எங்களுக்கு மட்டும் ஏன் ஒருநாளும் வாறேல்லை?"

"பதிஞ்சிருக்க மாட்டினம்" என்றேன்.

பதிந்துதான் இருக்கிறார்கள். வருடாவருடம் கவுன்சிலுக்குப் படிவம் நிரப்புவதே நான்தான். கார்டுகளும் வருகின்றன. எங்கள் தெரு என் சுற்றில்தான் இருப்பதால் அவற்றைக் கொண்டுவருபவனும் நானே. எங்கள் வீட்டுக் கார்டுகள் இரண்டும் கதவுத் துவாரத்துக்குள் போகாமல் நேரே நீலக் குப்பைத் தொட்டிக்குள் போகும்.

இதைக் கடிதம் கொடுக்காமல் விட்டதாக எடுக்கக்கூடாது. கார்டுக்கு உறை கிடையாது, உறை இல்லாதது கடிதமே அல்ல. முப்பத்தொரு வருடத்தில் ஒரு கடிதத்தையாவது நான் கொடுக்காமல் விட்டதில்லை. பனியிலும் கொடுத்தேன். 52ஆம் இலக்கத்து நாய் கடித்த அன்றும் அந்த வீட்டுக் கடிதத்தைக் கொடுத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

ஜூன் 1, சனி

வாக்குச்சாவடி தொடக்கப் பள்ளியில். வீட்டிலிருந்து பொடிநடையாக எட்டு நிமிடம். நேசத்துக்கு அது இப்போது எட்டு நாள்.

"நடக்கேலாது, விடும்" என்றேன்.

"தபாலில போடலாமாம். கோயில்ல சொன்னவை. நீங்கள் தபால்காரன்தானே, ஒரு போம் கொண்டரேலாதோ?"

கொண்டுவந்தேன். வழக்கம்போல படிவத்தை நானே நிரப்பினேன், அவள் கையெழுத்து மட்டும் வைத்தாள். பெயர், விலாசம், பிறந்த திகதி. பிறந்த திகதிக்கு 01.01.1960 என்று போட்டேன்.

இது எங்களவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இந்த ஊரில் எங்கள் ஆட்களில் பாதிப்பேர் ஜனவரி முதலாம் திகதி பிறந்தவர்கள். அவ்வளவு தாய்மாரும் கலந்து பேசிப் பெற்றதுபோல இருக்கும். உண்மையில் எங்களைப் பெற்றது ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரன். நேசத்தைக் கொழும்பிலிருந்து கூட்டிவந்தவன் அவசரத்தில் தாள்களில் எழுதிய திகதி அது. அதற்குப் பிறகு அகதி விண்ணப்பம், விசா, பாஸ்போர்ட், பஸ் பாஸ் எல்லாவற்றிலும் அதுவேதான். வருடப்பிறப்பு அன்று வைத்தியசாலையிலிருந்து அவளுடைய போனுக்குப் பிறந்தநாள் வாழ்த்து வரும். "ஆருக்கோ பிறந்தநாளாம்" என்று வாசித்துவிட்டு அழித்துவிடுவாள்.

அவள் உண்மையில் பிறந்தது 1961 ஜூன் 23. அது எனக்கும் அவளுக்கும் அவளுடைய சாதகத்துக்கும் மட்டும் தெரியும்.

ஜூன் 9, ஞாயிறு

கோயிலுக்கு எங்கள் எம்.பி. வந்தார். ருபேர்ட் ஹாலோவெல். பதினான்கு வருடமாக எங்கள் எம்.பி. கோயிலுக்கு வருவது இது நான்காவது தடவை. அவர் எம்.பி. ஆன பிறகு, இதற்கு முன் நடந்த தேர்தல்கள் மூன்று.

வேட்டி கட்டியிருந்தார். மேலே கோட், கீழே கறுப்புச் சப்பாத்து, நடுவில் பெல்ட். "வணக்கம்" என்று சொன்னார். சனம் கைதட்டியது. எங்கள் சனம் ஒரு வெள்ளைக்காரன் வணக்கம் சொன்னால் வீட்டையும் எழுதிக் கொடுத்துவிடும்.

கோயில் தலைவர் அருளம்பலத்தார் என் காதுக்குள், "குணம், பொன்னாடையை எடும்" என்றார். பொன்னாடை அலுமாரியைப் பூட்டித் திறக்கிற திறப்பு என்னிடம்தான் இருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தை எழுதி வைக்க வேண்டும். போன தேர்தலில் நான் அவருக்குப் போர்த்திய பொன்னாடையை இரண்டு கிழமை கழித்து ஸ்ரேசன் வீதிப் பழம்பொருள் கடையில் கண்டேன். கரையில் கோயில் முத்திரை அப்படியே இருந்தது. வாங்கிக்கொண்டுவந்து, தோய்த்து, மடித்து, அலுமாரியின் அடித்தட்டில் வைத்துவிட்டேன். இன்றைக்கு அதையே எடுத்து அவருக்குத் திரும்பவும் போர்த்தினேன்.

"எவ்வளவு அழகான சால்வை! இப்படி ஒன்றை நான் கண்டதே இல்லை" என்றார்.

பிறகு பேச்சு. கடின உழைப்பாளிகள், குடும்ப விழுமியம், உங்கள் சாப்பாடு. இறங்கிப் போகிற வழியில் நேசம் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தபடி அவருடைய வேட்டித் தலைப்பைப் பிடித்துவிட்டாள். பெல்ட் போட்டதன் பயன் அப்போதுதான் தெரிந்தது.

தன்னுடைய இங்கிலீசில், தன்னுடைய இடுப்பைப் பற்றிச் சொன்னாள். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். அதற்கென்றே பழகிய தலை.

"என் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள் அம்மா" என்றார்.

"எழுதினேன். நீங்கள் பதிலும் போட்டீர்கள்" என்று கைப்பையைத் திறந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். ஒன்றரை வருடத்துக்கு முந்திய கடிதம். உங்கள் கவலையை மிகத் தீவிரமாக எடுத்துக்கொள்கிறேன், கீழே கையொப்பம்.

அவர் தன் கடிதத்தைத் தானே முழுவதும் வாசித்தார். "நல்ல கடிதம்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

காரில் வரும்போது நேசம் அந்தக் கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். மேடு பள்ளத்தில் கார் விழும்போதெல்லாம் "அம்மாளே" என்றாள். அந்தப் பொன்னாடையைத் திரும்ப உருவிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

ஜூன் 12, புதன்

நீல நோட்டீஸ் 640. பொய் என்று தெரிந்தும் பாரம் குறையவில்லை.

ஜூன் 14, வெள்ளி

சிவப்பு 640, மஞ்சள் 640. எல்லா நோட்டீசிலும் வேட்பாளர் ஒரு குழியைக் கைகாட்டியபடி நிற்கிறார். மூன்று கட்சிக்கும் அதே குழிதான். சேர்ச் வீதி முனையில் இருக்கிற குழி அது. நான் தினமும் சுற்றிப் போகிறேன். மூன்று வேட்பாளர்களும் படமெடுக்கும் வரைக்கும் மூடக்கூடாது என்று உத்தரவோ தெரியாது.

41ஆம் இலக்கத்துக் கிழவர் கதவைத் திறந்துவைத்துக் காத்துநின்றார். நோட்டீஸ்களை என் கையாலேயே வாங்கி, என் முன்னாலேயே குப்பைத் தொட்டியில் போட்டார். "உன் மேல் கோபமில்லை" என்றார். இருவரும் நெடுநேரம் சிரித்தோம்.

ஜூன் 16, ஞாயிறு

மத்தியானம் கதவைத் தட்டினார்கள். சிவப்புக் கட்சி வேட்பாளர், மொய்ரா டன்ஸ்ரன். ஐம்பது வயது இருக்கும். குடை இல்லை, தலைமயிர் நனைந்து ஒட்டியிருந்தது. முன்பு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவளாம்.

"உங்கள் வாக்கை நாங்கள் நம்பலாமா?" என்று கேட்டாள்.

"உங்களை நாங்கள் நம்பலாமா என்று முதலில் சொல்லுங்கள்" என்றேன். நாற்பது வருடமாக யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று வைத்திருந்த வசனம். சொன்ன பிறகு அவ்வளவு திருப்தியாக இல்லை.

உள்ளேயிருந்து நேசம், "அந்தப் பிள்ளையை மழைக்குள்ள விடாமல் உள்ள கூப்பிடுங்கோவன்" என்றாள்.

கூப்பிட்டேன். நேசம் பொல்லை ஊன்றி எழுந்துபோய், உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த பற்றிஸ் சுடவைத்துக் கொண்டுவந்தாள். என்னை விடவில்லை. அடுப்படியிலிருந்து கதிரைக்கு வர அவள் எடுத்த நேரத்தை அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் வென்றால் எனக்கு ஒப்பரேஷன் திகதி எடுத்துத் தருவீர்களா?" என்று நேசம் கேட்டாள்.

இதோ வருகிறது வாக்குறுதி என்று நான் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"திகதி எடுத்துத் தருகிறேன் என்று சொல்ல முடியாது. அது என் கையில் இல்லை. எழுதிக் கேட்பேன். பதில் வராவிட்டால் திரும்பவும் எழுதுவேன். அவ்வளவுதான் என்னால் முடியும்" என்றாள். இரண்டு பற்றிஸ் சாப்பிட்டாள். மூன்றாவதைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுபோனாள்.

"இவவுக்குத்தான் என்ர வோட்டு" என்றாள் நேசம்.

"ஒண்டும் தரமாட்டன் எண்டு சொல்லிப்போட்டுப் போறா. அதுக்கு வோட்டோ?"

"ஓம். வேட்டி கட்டி வந்தவர் எல்லாம் செய்யிறமாதிரித்தானே எழுதினவர்."

அரசியல்வாதி வாக்குறுதி கொடுக்காவிட்டால் அது ஒரு புது உத்தி என்று விளங்கப்படுத்தினேன். கேட்கவில்லை. இவளோடு முப்பது வருடம் குடும்பம் நடத்துகிறேன், என் அரசியல் ஞானம் ஒரு சொட்டாவது இவள் தலையில் இறங்கியதில்லை.

ஜூன் 21, வெள்ளி

நேசத்தின் தபால் வோட்டு வந்தது. தரம்பிரிக்கும்போதே கண்டுவிட்டேன். பெரிய உறை, அவள் பெயர் முழுவதுமாக. இதற்கு உறை இருந்தது. அதனால் வீட்டுக் கதவுத் துவாரத்தில் போட்டேன்.

ஜூன் 23, ஞாயிறு

நேசத்தின் பிறந்தநாள். உண்மையானது. அறுபத்து மூன்று.

நாங்கள் இதைக் கொண்டாடுகிற ஆட்கள் அல்ல. ஆனாலும் பேக்கரிக்குப் போனதால் ஒரு கேக் வாங்கினேன். நேசம் என்று எழுதச் சொன்னேன், எழுத்துக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தும் நெசம் என்று வந்தது. பரவாயில்லை, சாப்பிடுகிறதுதானே.

"இண்டைக்கு என்ன?" என்றாள்.

"ஜனவரி முதலாம் திகதி" என்றேன்.

சிரித்தாள். கனகாலத்துக்குப் பிறகு அப்படிச் சிரித்தாள். "இருபத்திமூண்டு. நினைவு வச்சிருக்கிறியள் என்ன?" என்று இரண்டு தரம் சொன்னாள். நான் தேத்தண்ணீர் வைக்கப் போய்விட்டேன்.

கேக் வெட்டிய கையோடு, "நல்ல நாள், இண்டைக்கே வோட்டையும் போடுவம்" என்றாள். முகம் கழுவி, பொட்டு வைத்து, கண்ணாடி போட்டு, சாப்பாட்டு மேசையில் தாள்களைப் பரப்பினாள். நான் பக்கத்தில் போனேன்.

"அங்கால திரும்புங்கோ. இது ரகசியம்."

"ஆருக்குப் போடுறீர் எண்டு எனக்குத் தெரியுமே."

"தெரிஞ்சாலும் பாக்கக்கூடாது. சட்டம்."

அப்படியே யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் பேனைச் சத்தம். புள்ளடி போட இவ்வளவு நேரமா என்று கேட்டால், "அழகாப் போடவேணும்" என்று பதில். பிறகு மற்றத் தாளில் கையெழுத்து. அதற்குப் பக்கத்தில் கட்டம் கட்டமாக ஏதோ எழுதினாள். ஓரக்கண்ணால் பார்த்தேன். இரண்டு, மூன்று என்று இலக்கம் விழுந்தது. இன்றைய திகதி என்று நினைத்தேன்.

"எல்லாம் நிரப்பினீரோ? நான் ஒருக்கால் பாக்கட்டே?"

"எல்லா போமும் நீங்கள்தானே நிரப்பிறது. இதையாவது நான் நிரப்பிறன்" என்று நாக்கால் ஈரமாக்கி உறையை ஒட்டிவிட்டாள். நாலு விரலால் அழுத்தி, மேலே அகராதியைத் தூக்கி வைத்தாள். இவள் வாழ்க்கையில் போட்ட முதல் வோட்டு அகராதியின் கீழ் இரண்டு மணித்தியாலம் இருந்தது.

ஜூன் 24, திங்கள்

உறையைப் பெட்டியில் போட வேண்டாம், நீங்களே கையோடு கொண்டுபோங்கோ என்றாள். கொண்டுபோனேன். அறுநூற்று நாற்பது வீட்டு நோட்டீசையும் தோளில் போட்டவன், அந்த ஒரு உறையை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். மழை பெய்ததால்.

ஜூன் 29, சனி

நேசம் குளியலறையில் விழப் பார்த்தாள். விழவில்லை, நான் வெளியேதான் நின்றேன். தற்செயலாக.

ஜூலை 4, வியாழன்

தேர்தல். வேலை முடிந்து பால் வாங்கப் போனேன். பள்ளிக்கூடம் அந்த வழியில் இருக்கிறது, அதற்கு நான் பொறுப்பல்ல. வாசலில் யாரோ இரண்டு நாய்களைக் கட்டியிருந்தார்கள்.

"பால் வாங்க ஏன் லைசென்சைக் கொண்டுபோனீங்கள்?" என்று நேசம் கேட்டாள். தபால்காரன் எப்போதும் அடையாளத்தோடு திரிய வேண்டும் என்றேன். "பாலெங்க?" என்றாள். முடிந்துவிட்டது என்றேன்.

சாவடிக்குள் போகப் படமுள்ள அடையாளம் காட்ட வேண்டுமாம், பென்சிலை நூலில் கட்டி வைத்திருக்கிறார்களாம். கேள்விப்பட்டேன். கோடிக்கணக்கில் கொண்டுபோகிறவர்களைத் தெரிவு செய்கிற இடத்தில் பென்சிலுக்குப் பயப்படுகிறார்கள்.

ஒன்றை மட்டும் எழுதிவைக்கிறேன். என் பெயரில் இந்த முறை யாரும் போட்டிருக்கவில்லை.

ஜூலை 5, வெள்ளி

மொய்ரா வென்றுவிட்டாள். இரண்டு தரம் எண்ணினார்களாம். வித்தியாசம் முப்பத்தெட்டு.

நேசம் பொல்லில்லாமல் எழுந்து நின்றாள். "பாத்தீங்களோ! நான் போடாட்டி?"

"நீர் போடாட்டி முப்பத்தேழு."

"முப்பத்தேழு பேரும் இப்பிடி நினைச்சு வீட்டில இருந்திருந்தால்?"

அவளுடைய பொல்லைத் தேடி எடுத்துக் கொண்டுவந்து பக்கத்தில் சாத்தினேன்.

ஜூலை 15, திங்கள்

நேசம் எம்.பி. அலுவலகத்துக்குப் போன் செய்யத் தொடங்கிவிட்டாள். "ஹலோ, நான் உங்களுக்கு வோட்டுப் போட்ட நேசமலர் கதைக்கிறன்" என்பதை இங்கிலீசில் சொல்கிறாள். போனை எடுக்கிற பெடிச்சிக்குப் பெயர் பெத்தனியாம். அவளுக்கு வயிற்று எரிவாம். இஞ்சி போட்டு என்ன செய்ய வேண்டும் என்று இவள் சொல்லிக்கொடுக்கிறாள்.

ஜூலை 22, திங்கள்

எம்.பி. ஆஸ்பத்திரிக்கு எழுதியிருக்கிறாராம். பிரதி வந்தது. நேசம் பழைய எம்.பி.யின் கடிதத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இதுவும் அதுபோலத்தான் என்றேன். ஒரே தாள், ஒரே முத்திரை.

"இதில என்ர பேர் சரியா இருக்கு" என்றாள்.

ஜூலை 30, செவ்வாய்

எம்.பி. இரண்டாம் தரம் எழுதியிருக்கிறாராம். பெத்தனிக்கு வயிற்று எரிவு குறைந்துவிட்டது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஆஸ்பத்திரிக் கடிதம். செப்டெம்பர் 17, காலை ஏழரை மணி, வெறும் வயிறு.

மொய்ரா எழுதியதால் வந்ததா, வரிசையில் இவள் முறைதான் வந்ததா, யாருக்குத் தெரியும். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இருக்கலாம். இதை நேசத்துக்கு எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் கடிதத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அழுதபடியே, "என்ர வோட்டுக்கு விழுந்தது" என்றாள்.

எனக்கும் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது. சந்தோசம்தான், வேறென்ன. எழுதினால் என்ன குறைந்துவிடப் போகிறது.

ஆகஸ்ட் 14, புதன்

காலையில் தரம்பிரிக்கும்போது கவுன்சில் உறை ஒன்று, நேசத்தின் பெயருக்கு. வரிக் கடிதமாக இருக்கும் என்று மற்றவற்றோடு கட்டினேன். எங்கள் வீட்டு வாசலில் நின்று துவாரத்துக்குள் பாதி தள்ளிய பிறகுதான் மூலையில் இருந்த வரியை வாசித்தேன். தேர்தல் பதிவு அலுவலகம்.

வெளியே இழுத்தேன். பிறருடைய கடிதத்தைப் பிரிப்பது குற்றம் என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. சேர்ச் வீதி முனையில், அந்தக் குழிக்குப் பக்கத்தில் நின்று பிரித்தேன்.

உங்கள் தபால் வாக்கு எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளப்படவில்லை என்பதை வருத்தத்துடன் அறியத்தருகிறோம். காரணம்: நீங்கள் எழுதிய பிறந்த திகதி, எங்களிடம் உள்ள பிறந்த திகதியுடன் பொருந்தவில்லை.

இரண்டு, மூன்று. அது அன்றைய திகதி அல்ல, அவள் பிறந்த திகதி.

முப்பது வருடமாக எல்லாத் தாளிலும் ஏஜென்சிக்காரனின் திகதியைப் போட்டோம். விசா தந்தார்கள், பாஸ்போர்ட் தந்தார்கள், யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அன்றைக்கு நான் கேக் வாங்கிக் கொடுத்த சந்தோசத்தில் ஒரேயொரு தரம் உண்மையை எழுதினாள். உடனே பிடித்துவிட்டார்கள். இந்த நாட்டு நிர்வாகம் தூங்குகிறது என்று இனி நான் சொல்ல மாட்டேன்.

அந்தப் படிவத்தில் ஜனவரியைப் போட்டவன் நான். ஜூனை நினைவுபடுத்தினவனும் நான். ஊரில் என் வோட்டை யாரோ ஒரு கள்ளன் போட்டான். இங்கே இவள் வோட்டுக்கு நானே போதும்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்: "எனக்குக் கடிதம் ஒண்டும் இல்லையோ?"

"இல்லை" என்றேன்.

போனில் பெத்தனியோடு கதைத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தெட்டு பேரில் தானும் ஒருத்தி என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கடிதம் இந்த டயரிக் கொப்பிக்குள் இருக்கிறது. முப்பத்தொரு வருடத்தில் நான் கொடுக்காமல் விட்ட முதல் கடிதம். உறையோடு இருந்தது.

நான் தொட்டிக்குள் போட்ட அந்த வோட்டுக் கார்டுகளும் கடிதங்கள்தான். தேர்தலுக்குத் தேர்தல் இரண்டு. அதையும் எழுதிவைக்கிறேன்.

ஆகஸ்ட் 17, சனி

கடிதத்தோடு ஒரு படிவமும் வந்திருந்தது. அடுத்த தேர்தலில் இப்படி நடக்காமலிருக்க, உங்கள் சரியான பிறந்த திகதியையும் கையெழுத்தையும் தந்து உதவுங்கள்.

புத்திசாலி என்றால் ஜனவரியை அப்படியே விட்டுவிட்டு, அடுத்த முறை அதையே எழுத அவளைப் பழக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒன்று, இங்கே ஒன்று என்று இருந்தால் நாளைக்கு யாராவது கேட்பார்கள். காலை முழுவதும் யோசித்தேன்.

"அடுத்த தேர்தலுக்கு ஒரு போம். கையெழுத்து வையும்" என்று நீட்டினேன்.

"இப்பவேயோ? அஞ்சு வருஷம் கிடக்கே."

"இருக்கட்டும். உமக்குத்தான் பழக்கமாப் போச்சே."

வாசிக்காமல் வைத்தாள். "நீங்களும் ஒண்டு நிரப்புங்கோவன், வெக்கப்படாமல்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "அண்டைக்குப் பால் கடை பூட்டியெல்லோ இருந்தது. பக்கத்து வீட்டு மனிசி சொன்னவ" என்றாள்.

மேசையில் போய் இருந்து மிச்சத்தை நிரப்பினேன். பெயர், விலாசம். பிறந்த திகதிக் கட்டத்தில் 23.06.1961 என்று எழுதினேன். ஏதாவது கேட்டு எழுதினால் எழுதட்டும், அவர்கள் எழுதுகிற கடிதத்தையும் நான்தானே கொண்டுவர வேண்டும்.

இன்று மூன்று மணித் தபாலில் போட்டுவிட்டேன். இந்த நாட்டில் இனி ஒரு அலுவலகத்திலாவது நேசமலர் அவள் பிறந்த நாளன்று பிறந்திருப்பாள்.